கணக்கு சேரவில்லை

தேன்கனிக்கோட்டைச் சாலையில் எங்கள் ஹேங்கர்.
கூரைக்குக் கீழே ஒரு விமானம்,
விமானத்துக்குக் கீழே மூன்று சங்கம்.
சரியாகச் சொன்னால் இரண்டரை.

கையெழுத்துப் போடும் லைசென்ஸ் உள்ளவர்கள் பத்தொன்பது பேர்.
சங்கம் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள்,
அசோசியேஷன்.
ரிவெட் அடிக்கிற, தகடு வளைக்கிற, வயர் இழுக்கிற நாங்கள்
அறுபத்திரண்டு.
கொடி உண்டு, ரசீதுப் புத்தகம் உண்டு, செயலாளர் நான்.
பெயிண்ட் சுரண்டுகிறவர்கள், டேங்குக்குள் இறங்கித் துடைக்கிறவர்கள்,
சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறவர்கள்
நூற்றுச் சொச்சம். கான்ட்ராக்ட்.
அவர்களிடம் இருந்தது ஒரு மனு,
அதில் பாதிப் பேர் கையெழுத்து.
அதுதான் அந்த அரை.

ஆனியில் அசோசியேஷன் பேனாவை மூடியது.
"அது அவங்க அலவன்ஸ் விவகாரம்" என்றேன்.
ரிவெட் அடித்தோம். ஓவர்டைம் வேறு.
ஐப்பசியில் நாங்கள் சுத்தியலைக் கீழே வைத்தோம்.
குருபிரசாத் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.
இரண்டு மாதமும் டேங்க் துடைத்தவர்களை
நில் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குள் பெரிய வேலையெல்லாம் வெளியே போய்விட்டது,
கடல் தாண்டி ஒன்று, டெண்டரில் இரண்டு.
நிர்வாகம் எங்களைப் பிரித்தது என்று நோட்டீஸ் அடித்தேன்.
பொய்.
பிரித்து, சீட்டு ஒட்டி,
தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தது நாங்கள்தான்.

மார்கழி. ஓடுபாதை தெரியாத பனி.
பாதி வேலையோடு கடைசி விமானத்தையும்
வேறு ஊருக்கு அனுப்ப உத்தரவு.
இழுவை வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.
அப்போது கருவி அறை நாகவேணி மணியை அடித்தாள்.

அவள் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும்
சிவப்பில் வரைந்த நிழல் உண்டு.
எட்டாம் நம்பர் ஸ்பேனரின் நிழல் மட்டும்
வெறும் நிழலாக இருந்தது.
"கணக்கு சேரல சார்."

கருவி கிடைக்கும்வரை
விமானமும் நகரக் கூடாது, ஆளும் நகரக் கூடாது.
எந்தச் சங்கமும் எழுதாத விதி.
எல்லாச் சங்கமும் கேட்கிற விதி.

குருபிரசாத் சார் வயிறு தரையில் பட,
வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு தேடினார்.
"தண்ணி எங்க ஓடுமோ அங்கதான் சார் சாமானும் உருளும்"
என்றான் டேங்க்.
அவன் பெயர் திம்மராயன்.
ஒன்பது வருடம் டேங்க் என்றே கூப்பிட்டிருக்கிறேன்.

மேனேஜர் வந்தார். யார் ஷிப்ட், யார் எடுத்தது.
எங்க ஆள் இல்லை என்ற பதில்
மூன்று வாயிலும் எப்போதும் தயாராக இருக்கும்.
அன்று வரவில்லை.
மனம் மாறியதால் என்று சொல்லமாட்டேன்,
மணி மூன்று, பசி.
கான்ட்ராக்ட் ஆட்களிடம் ஒரு குண்டான் ராகிக் களி இருந்தது.
தட்டு பத்தவில்லை.
"பிளேனே இல்லன்னா நான் எதுல கையெழுத்துப் போடுறது?"
சார் கேட்டது களியிடமா, எங்களிடமா, தெரியாது.

பேனா நின்றபோது ஹேங்கர் நிற்கவில்லை.
சுத்தியல் நின்றபோதும் நிற்கவில்லை.
ஒரு சாண் இரும்பு இல்லாமல்
ஏழரை மணி நேரம் நின்றது.

விடியும் முன் ஸ்பேனர் கிடைத்தது.
எங்கே என்று எழுதமாட்டேன்.
நாகவேணி துடைத்து நிழலில் மாட்டினாள்.
ஒன்பது மணிக்கு விமானம் போய்விட்டது.

தையில் புது ரசீதுப் புத்தகம் அடித்தோம்,
தொழில் என்ற கட்டம் இல்லாமல்.
அசோசியேஷனில் பதினொரு பேர் வரமாட்டேன் என்றார்கள்.
தலைவர் யார் என்று இன்னும் சண்டை.
"உங்க சம்பளம் ஏறின பிறகும் நாங்க இருப்பமா?"
திம்மராயன் கேட்டதற்கு
இதுவரை என்னிடம் பதில் இல்லை.

முதல் ரசீதோடு கருவி அறை ஜன்னலில் நின்றேன்.
"சேர்றீங்களா?"

சுவரை ஒருமுறை பார்த்தாள்.
என்னை ஒருமுறை.
"எண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்."